தெரியாது என்கிற வாக்குமூலம்

பாடியில் நான் வேலை பார்க்கிற வங்கிக் கிளையில், மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு நாள், கவுண்ட்டரில் நின்றவர் இந்தியில் ஏதோ கேட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்பவர் என்பது சட்டையின் எண்ணெய்க் கறையிலேயே தெரிந்தது. நான் வழக்கம் போல், 'இந்தி தெரியாதுங்க' என்றேன். சொல்லி முடிப்பதற்குள் என் இடது கை தட்டிலிருந்து பணம் அனுப்பும் படிவம் ஒன்றை உருவி அவர் பக்கம் தள்ளிவிட்டிருந்தது. அவர் கேட்டதும் அதைத்தான். படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, 'இதுல எங்க சார் கையெழுத்துப் போடணும்?' என்று சுத்தமான எஸ்டேட் தமிழில் கேட்டார். எட்டு வருஷமாக இங்கேதான் இருக்கிறாராம்.

ஆக ஒரு கண்ணாடித் தடுப்புக்கு இரு பக்கமும் இரண்டு பேர், தத்தம் மனசில் ஒரு மொழியை ஒளித்துவைத்துக்கொண்டு நின்றிருக்கிறோம். என் பக்கத்து விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பள்ளி நாட்களில் தக்ஷிண பாரத ஹிந்தி பிரசார சபாவின் பிராத்மிக், மத்யமா இரண்டும் எழுதித் தேறியவன் நான். 1965 பற்றி ஆவேசமாகப் பேசுகிற வீட்டில் இருந்துகொண்டே, மாலையில் பக்கத்துத் தெரு மாமியிடம் இந்தி படிக்கப் போனவன். இந்த இரண்டுக்கும் இடையில் எங்கள் வீட்டில் யாருக்கும் முரண்பாடு தெரியவில்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 'தெரிந்த மொழிகள்' என்ற கட்டத்தில் தமிழ், ஆங்கிலம் என்று மட்டும் எழுதி வருகிறேன். பாதி கொள்கை, பாதி சோம்பல். தெரியும் என்று எழுதினால் இந்திக் கடிதங்கள் எல்லாம் என் மேஜைக்கு வரும்.

அன்று மாலை லூகாஸ் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் இது ஒரு பழைய பிரச்னை என்பது உறைத்தது. ஒருவன் ஒரு மொழியைத் தெரியும் என்று சொன்னால் சோதிப்பது சுலபம்; பேசச் சொன்னால் போதும். தெரியாது என்று சொல்கிறவனை எப்படிச் சோதிப்பது? இல்லாததைக் காட்டச் சொல்ல முடியாது. இருப்பதை ஒளிக்கிறான் என்றால், அவன் சம்மதம் இல்லாமல் அவனுக்குள்ளிருந்தே ஒரு சாட்சியை எழுப்பியாக வேண்டும். என் விஷயத்தில் கை எழுந்து சாட்சி சொல்லிவிட்டது.

நம்மிடம் இதற்கு ஒரு கதை உண்டு. தெனாலிராமன் பெயரில் இங்கேயும், பீர்பால் பெயரில் வடக்கேயும் சொல்லப்படுவது. பல பாஷைகளைத் தாய்மொழி போலவே பேசும் பண்டிதன் ஒருவன் சபைக்கு வந்து, என் தாய்மொழி எது என்று கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்கிறான். பண்டிதர்கள் தோற்கிறார்கள். ராமன் இரவில் போய், தூங்குகிறவன் மேல் தண்ணீரைக் கொட்டுகிறான், அல்லது உதைக்கிறான், சொல்பவரின் சுபாவத்தைப் பொறுத்தது. பதறி எழுந்தவன் தன் அம்மாவிடம் கற்ற மொழியில் கத்துகிறான். இந்தக் கதையைக் குழந்தைகளுக்கு நாம் சிரித்துக்கொண்டு சொல்கிறோம். உண்மையில் இது ஒரு விசாரணை முறையின் விவரணை. தூக்கம், வலி, திடுக்கிடல் என்ற மூன்றையும் கொண்டு விழிப்பு மனசின் காவலைத் தாண்டிப் போவது. பின்னால் ஐரோப்பாவில் ஆய்வுக்கூடங்கள் செய்ததற்கும் இதற்கும் வித்தியாசம் கடிகாரம் ஒன்றுதான்.

கடிகாரம் வருவதற்கு முன் அங்கே பேய் இருந்தது. 1614-இல் வெளியான ரோமன் சடங்கு நூல், பேய் பிடித்திருப்பதற்கான அடையாளங்களில் ஒன்றாக, கற்றிராத மொழியைப் பேசுவதையோ பிறர் பேசிப் புரிந்துகொள்வதையோ குறிப்பிடுகிறது. எனவே பேயோட்டுகிற பாதிரியார் முதலில் மொழித் தேர்வாளராக இருக்க வேண்டியிருந்தது. பிரான்ஸில் லூதூன் என்கிற ஊரின் மடத்தில் கன்னியாஸ்திரீகளுக்குப் பேய் பிடித்தபோது லத்தீனில்தான் கேள்விகள் கேட்கப்பட்டன. பேய்களின் லத்தீன் இலக்கணப் பிழைகளோடு இருந்தது ஊருக்கே வேடிக்கை. சூனியக்காரன் என்று குற்றம் சாட்டப்பட்ட உர்பேன் கிராந்தியே என்கிற பாதிரியார், அப்படியானால் கிரேக்கத்தில் கேட்கிறேன், பேய் பதில் சொல்லட்டும் என்றார். கிரேக்கத்தில் பேசக் கூடாது என்பது உனக்கும் எனக்கும் உள்ள ஒப்பந்தத்தின் ஷரத்து என்று பேய் தப்பித்துக்கொண்டது. சோதனையில் தோற்றது பேய். 1634 ஆகஸ்ட் 18 அன்று உயிரோடு எரிக்கப்பட்டது கிராந்தியே. தேர்வு வைக்கிறவர்களுக்கு விடை முன்பே தெரிந்திருந்தால் இப்படித்தான் முடியும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேயின் இடத்தை மனோதத்துவம் எடுத்துக்கொண்டது. 1904-இல் வெர்ட்ஹைமரும் க்ளைனும், குற்றம் செய்தவனுக்கு மட்டும் தெரிந்த விஷயத்தைச் சொற்களைக் கொண்டு வெளியே இழுக்கலாம் என்று எழுதினார்கள். அதே சமயத்தில் ஜூரிச்சில் யுங், ஒரு சொல்லைச் சொல்லி, மனசில் தோன்றும் அடுத்த சொல்லைச் சொல்லச் சொல்லி, இடையில் கழிகிற நேரத்தை அளந்துகொண்டிருந்தார். எங்கே பதில் தாமதிக்கிறதோ அங்கே ஏதோ புதைந்திருக்கிறது. மாஸ்கோவில் லூரியா இன்னும் ஒரு படி மேலே போனார். பதில் சொல்லும்போதே கையால் ஒரு ரப்பர் குமிழை அழுத்த வேண்டும் என்று விதித்தார். வாய் தயங்காமல் பொய் சொல்லலாம். அந்தக் கணத்தில் கை நடுங்கும், அழுத்தத்தின் கோடு உடையும். குற்றவாளிகள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களை வைத்து அவர் செய்த இந்தச் சோதனைகளின் புத்தகம் 1932-இல் ஆங்கிலத்தில் வந்தது. ருஷ்ய மொழியில் அவர் வாழ்நாளில் வரவே இல்லை. அதைப் படித்தபோது என் படிவத் தட்டு நினைவுக்கு வந்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் மொழியை ஒளிப்பவனைப் பிடிக்க மிகப் பொருத்தமான கருவியைச் செய்தவருக்கு அந்த நோக்கமே இருக்கவில்லை. ஜான் ரிட்லி ஸ்ட்ரூப், அமெரிக்காவின் டென்னஸியைச் சேர்ந்தவர். 1935-இல் ஆய்வை வெளியிட்டார். பிறகு மனோதத்துவத்தை ஏறக்குறைய விட்டுவிட்டு பைபிள் போதிக்கப் போய்விட்டார். அவர் செய்தது இவ்வளவுதான்: சிவப்பு என்ற சொல்லை நீல மையில் அச்சடித்து, சொல்லைப் படிக்காதே, மையின் நிறத்தைச் சொல் என்றார். வெறும் வண்ணக் கட்டங்கள் நூறின் நிறத்தைச் சொல்ல சுமார் 63 வினாடி ஆயிற்று. முரண்பட்ட சொற்களாக இருந்தபோது 110 வினாடி. படிக்காமலிருக்க முடியவில்லை என்பதுதான் இதன் பொருள். எழுத்து கண்ணில் பட்டால் அறிவு தானாகவே படித்துவிடுகிறது. 1969-இல் ப்ரெஸ்டனும் லாம்பர்ட்டும் இதையே இரு மொழி தெரிந்தவர்களை வைத்துச் செய்து, சொல் ஒரு மொழியில் இருந்து பதில் வேறு மொழியில் சொன்னாலும் தடங்கல் இருக்கிறது என்று காட்டினார்கள். தேவநாகரியில் 'லால்' என்று பச்சை மையில் எழுதி என் முன்னே வைத்தால் என் பிராத்மிக் சான்றிதழ் அரை வினாடியில் வெளியே வந்துவிடும். எழுத்தறியாதவனை இந்தச் சோதனை தொடவே முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர் தமிழைக் காதால் கற்றவர், தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஸ்ட்ரூப்பின் அட்டைக்கு முன் அவர் தமிழே தெரியாதவர்தான். படித்தவன்தான் மாட்டுகிறான்.

ஒளிக்கிறவன் விஷயம் இது. தனக்குத் தெரியும் என்பதே தெரியாதவன் விஷயம் வேறு. எனக்கு அதுதான் அதிக சுவாரஸ்யம்.

ஹெரால்ட் பர்ட் என்கிற அமெரிக்கப் பேராசிரியர், தன் மகனுக்கு ஒன்றேகால் வயதிலிருந்து மூன்று வயது வரை, தினமும் சோபக்ளீஸின் கிரேக்க வரிகளைப் படித்துக் காட்டினார். பையனுக்குக் கிரேக்கம் தெரியாது, சொல்லிக்கொடுக்கவும் இல்லை. எட்டரை வயதில் பழைய பகுதிகளையும், கேட்டிராத புதுப் பகுதிகளையும் மனப்பாடம் செய்யச் சொன்னார். புதியதற்கு 435 தடவை சொல்ல வேண்டியிருந்தது, பழையதற்கு 317. பதினாலு வயதில் வித்தியாசம் சொற்பமாகிவிட்டது. பதினெட்டில் ஒன்றுமே இல்லை. இந்த எண்களில் ஒரு தகப்பனின் பிடிவாதமும் ஒரு துக்கமும் இருப்பதாகப் படுகிறது. பாட்டி மடியில் கிடந்து அர்த்தம் தெரியாமல் கேட்ட சமஸ்கிருத ஸ்லோகங்கள் எனக்குள் எத்தனை தடவைக்குச் சமானமாக மிச்சமிருந்து, எந்த வயதில் வற்றின என்று யோசித்தேன். திருவலிதாயம் கோயிலில் ஓதுவார் பாடுகிற சம்பந்தர் பதிகத்தின் தமிழே எனக்குப் பாதிதான் புரிகிறது என்பது வேறு கதை.

பதினெட்டில் ஒன்றுமில்லை என்று அளவுகோல் சொன்னால் ஒன்றுமே இல்லை என்றாகிவிடாது. 2014-இல் மான்ட்ரியலில், சைனாவில் பிறந்து ஏறக்குறைய ஒரு வயதில் பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட சிறுமிகளைப் பரிசோதித்தார்கள். ஒன்பதிலிருந்து பதினேழு வயது. சீனத்தில் ஒரு வார்த்தையும் நினைவில்லை. ஆனால் சீனத் தொனிகளைக் கேட்கவைத்து மூளையைப் படம் எடுத்தபோது, சீனம் பேசுகிறவர்களிடம் இடது பாகத்தில் எங்கே சலனம் தெரியுமோ அங்கேயே இவர்களிடமும் தெரிந்தது. பிரெஞ்சு மட்டும் தெரிந்த மற்றச் சிறுமிகளிடம் இல்லை. அவர்களுக்குச் சீனம் தெரியும் என்று சொல்லலாமா? தெரியும் என்கிற சொல்லே இங்கே உடைந்துபோகிறது.

இந்தியாவில் இது வேறொரு வேஷம் போட்டுக்கொண்டு வந்தது. 1974-இல் நாக்பூரில், முப்பத்திரண்டு வயது மராத்திப் பெண் ஒருவர், ஆசிரமத்தில் தங்கியிருந்தபோது திடீரென்று வங்காளியாக மாறினார். வங்காளிப் பெண்ணைப் போலப் புடவை கட்டிக்கொண்டார், வங்க மொழி பேசினார், மராத்தி புரியவில்லை என்றார். தன் பெயர் சாரதா என்றார். பாம்பு கடித்து இறந்தவளாம்; ரயில் முதலிய நூதனங்கள் எதுவும் தெரியாத காலத்தவளாம். சில நாட்கள், சில சமயம் வாரக்கணக்கில் இது நீடிக்கும். பிறகு பழைய மராத்திப் பெண் திரும்பி வருவார். வர்ஜீனியாவிலிருந்து ஐயன் ஸ்டீவன்சன், பெங்களூர் நிம்ஹான்ஸின் சத்வந்த் பஸ்ரிச்சா ஆகியோர் விசாரித்தார்கள். 1984-இல் ஸ்டீவன்சன் புத்தகமாகவே எழுதினார்: கற்காத மொழி, எனவே முற்பிறவி என்பது அவர் சாய்வு.

நம் பத்திரிகைகளுக்கு மறுபிறவி தலைப்பில் வந்தாலே போதும். எனக்கு இந்த விவகாரத்தில் முற்பிறவி முக்கியமில்லை. ஒரே உடம்பில் இரண்டு மறுப்புகள் இருந்தன என்பதுதான் முக்கியம். மராத்திப் பெண், தனக்கு வங்க மொழி இப்படிப் பேசத் தெரியாது என்கிறார். சாரதா, தனக்கு மராத்தியே தெரியாது என்கிறார். விசாரித்தவர்களின் சக்தி பெரும்பாலும் முதல் மறுப்பில் செலவாயிற்று: வங்க மொழியை எங்கே கற்றிருக்கலாம்? கொஞ்சம் வங்க எழுத்துப் பாடம் படித்திருந்தார், வங்க நாவல்களை மராத்தி மொழிபெயர்ப்பில் படித்திருந்தார் என்று தெரிந்தது. இது போதுமா போதாதா என்று சர்ச்சை. சாரா தாமஸன் என்கிற அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீவன்சனின் மொழி ஆதாரங்களைக் கடுமையாக விமர்சித்தார். ஆனால் இரண்டாவது மறுப்பல்லவா கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது? முப்பத்திரண்டு வருஷம் மராத்தி பேசிய தொண்டை அது. சாரதாவின் பின்னால் நின்று மராத்தியில் 'பாம்பு' என்று கத்திப் பார்த்தால் தெனாலிராமன் திருப்தியடைந்திருப்பான். எனக்கு அதைச் செய்கிற துணிச்சல் வந்திருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நமக்குப் பக்கத்திலேயே இந்த விஷயங்களை நிதானத்தோடு யோசித்தவர் ஒருவர் இருந்தார். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் கற்பித்த சி.டி.கே. சாரி. அதீத உளவியலில் ஈடுபாடு உள்ளவராக இருந்தும், மறுபிறவிக் கதைகளை அவர் நம்பவில்லை. எங்கோ கேட்டு மறந்ததே நினைவு என்று தெரியாமல் திரும்பி வரும் வாய்ப்பையும், ஒரு சமூகத்தின் நம்பிக்கை இந்தக் கதைகளுக்கு உருவம் கொடுப்பதையும் விடாமல் சுட்டிக்காட்டினார். ஸ்டீவன்சன் பெயர் தெரிந்த அளவுக்குக்கூட சாரியின் பெயர் தமிழில் தெரியாது. ஆன்மிகமும் விற்கும், பகுத்தறிவும் விற்கும். சந்தேகத்தை யார் வாங்குவது?

இதற்கெல்லாம் முன்பே ப்ராயரின் நோயாளி ஒருவர், 1880-82இல் வியன்னாவில், தன் தாய்மொழியான ஜெர்மனை இழந்து ஆங்கிலத்தில் மட்டும் பேசினார். தான் ஆங்கிலம் பேசுகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. ஆங்கிலம் அறியாத தாதி தனக்குப் பதில் சொல்லவில்லை என்று சண்டை போட்டார். ஆனால் சுற்றிலும் பேசப்பட்ட ஜெர்மன் அவருக்குப் புரிந்துகொண்டுதான் இருந்தது. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. மெய்யும் சொல்லவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ஆய்வுக்கூடம், ஆசிரமம், மடம். தெருவுக்கு வந்தால் கடிகாரத்துக்கு அவசியமில்லை.

பைபிளின் நியாயாதிபதிகள் ஆகமத்தில் யோர்தான் துறையில் தப்பி ஓடுகிறவர்களை ஒரு சொல் சொல்லச் சொல்லி, 'ஷ' வராமல் 'ஸ' சொன்னவர்களைக் கொன்ற கதை இருக்கிறது. மாண்டவர்கள் 42,000 என்கிறது நூல். கிரந்த எழுத்தை விலக்கினால் தமிழில் இந்தக் கதையைச் சொல்லவே முடியாது. ஆனால் தமிழனுக்கு இதைச் சொல்ல யோர்தானுக்குப் போக வேண்டியதில்லை.

1956-இல் இலங்கையில் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. தமிழ் அரசு ஊழியர்கள் சிங்களத் தேர்வு எழுத வேண்டியதாயிற்று. சிங்களம் தெரியுமா என்று சர்க்கார் கேட்டது. இரண்டே வருஷத்தில், 1958 மே மாதக் கலவரத்தில், அதே கேள்வியைத் தெருவில் கும்பல் கேட்டது. டார்சி விட்டாச்சி அந்த ஆண்டே எழுதிய புத்தகத்தில் (இலங்கையில் தடை செய்யப்பட்டது) இது பதிவாகியிருக்கிறது. சட்டையை வேட்டிக்கோ காற்சட்டைக்கோ வெளியே விட்டிருக்கிறானா, காது குத்திய துளை இருக்கிறதா, சிங்களப் பத்திரிகையைப் படிக்கிறானா என்று பார்த்தார்கள். ஆங்கிலத்திலேயே படித்து வளர்ந்த சிங்களர் சிலர் பத்திரிகை படிக்கத் தெரியாமல் அடிபட்டார்கள். தேர்வின் பிழை விகிதம் என்று மனோதத்துவக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

1983 ஜூலையில் கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. வீட்டுக்கு அது போதும். ஓடுகிற பஸ்ஸில் பட்டியல் உதவாது. எனவே பஸ்ஸை நிறுத்தி ஏறி, வாளிக்குச் சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள்: பால்திய. இந்தச் சொல்லை நான் எழுதிவிட்டேன். ஆனால் முதலெழுத்தை எந்த 'ப'வாக வாசகர் படித்தார் என்பது எனக்குத் தெரியாது. சிங்களத்தில் அது அதிர்ந்து ஒலிக்கிற 'ப'. 'பேங்க்' என்கிறபோது என் வாயில் நாள் முழுக்க வருகிற ஒலி. தமிழ் எழுத்துக்கு இரண்டும் ஒன்றுதான். தமிழ்ச் சொல்லின் நடுவில், 'கம்பம்' என்கிறபோது அந்த ஒலி எல்லாத் தமிழர் வாயிலும் சிரமமில்லாமல் வரும். சொல்லின் முதலில் வருவது தமிழின் வழக்கமில்லை. அந்த ஒரு இடத்தைத்தான் அந்தப் பையன்கள் பிடித்தார்கள். தொல்காப்பியம் படித்தவர்கள் இல்லை அவர்கள். ஆனால் மொழிமுதல் எழுத்து பற்றி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உதடு தடுமாறியவர்கள் இறக்கப்பட்டார்கள். சிலர் கொல்லப்பட்டார்கள், சிலர் எரிக்கப்பட்டார்கள். அந்த வாரம் இறந்தவர்கள் அரசுக் கணக்கில் நானூறுக்கும் கீழே. மற்றவர்கள் கணக்கில் மூவாயிரம் வரை.

அந்தச் சொல் சிங்களமும் இல்லை. போர்த்துக்கீசியரின் 'பால்டே'. வடக்கே 'பால்டி' ஆனதும் அதுதான். கடலோடிகள் விட்டுப்போன ஒரு தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து யார் மண்ணின் மகன் என்று அளந்திருக்கிறார்கள்.

தெனாலிராமனின் முறையை அந்த பஸ்ஸில் கையாண்டிருந்தால் தோற்றிருக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். திடீரென்று அடித்தால் தமிழன் 'ஐயோ' என்பான். சிங்களவனும் 'ஐயோ' என்றுதான் கத்துவான். வலியில் இரண்டு மொழியும் ஒன்று. கொலைகாரர்கள் வலியை விசாரணைக்கு முன்னால் வைக்காமல் பின்னால் வைத்துக்கொண்டதற்கு இது காரணமாக இருக்காது, என்றாலும் எனக்கு இது மறக்க முடியாததாக இருக்கிறது. அரசுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய தமிழ் குமாஸ்தாவும் இந்தத் தேர்வில் விழுந்திருக்கலாம். அரசு இலக்கணத்தைச் சோதித்தது. கும்பல் சோதித்தது அவன் அம்மாவின் உதட்டை.

தமிழ்நாட்டில் நாம் இதே விளையாட்டை வாழைப்பழத்தை வைத்து விளையாடுகிறோம். வடக்கத்தியானிடம் 'ழ' சொல்லச் சொல்லிச் சிரிக்கிறோம். 'ழ'தான் உயிருக்கு அத்தாட்சி என்று ஒரு நாள் விதித்தால், 'வாயப்பயம்' வாங்குகிற பாடி மார்க்கெட்டில் பாதிப் பேர் தேறமாட்டார்கள். 'வாளப்பளம்' என்கிற தெற்கத்தி நண்பர்களும் அவ்வாறே. 1990-களிலிருந்து ஐரோப்பிய அரசுகள் சில, தஞ்சம் கேட்டு வருகிறவனின் பேச்சை ஒலிநாடாவில் பதிந்து, அவன் சொல்கிற ஊர்க்காரன்தானா என்று உச்சரிப்பைக் கொண்டு தீர்ப்பளிக்க ஆரம்பித்தன. கற்றுத் தேர்ந்தவர்கள் அல்லாதாரும் இதில் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்று மொழியியலாளர்கள் சிலர் 2004-இல் கூடி நெறிமுறை வகுக்க வேண்டியிருந்தது. பஸ் அலுவலகமாகிவிட்டது, அவ்வளவுதான். பதில் தவறினால் திருப்பி அனுப்பப்படுவது அதே தீவுக்கு.

நம் நீதிமன்றத்துக்கு இந்தப் பிரச்னை வேறு வழியாக வந்தது. மயக்க ஊசி, பொய் கண்டறியும் கருவி, மூளையின் மின்னலைகளை வரைந்து உனக்கு இது தெரியும் என்று சொல்கிற சோதனை, இவையெல்லாம் விசாரணைகளில் தாராளமாகப் புழங்கிய காலத்தில், 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதமில்லாமல் இவற்றை யார் மீதும் நடத்தக் கூடாது என்றது. தனக்கு எதிராகத் தானே சாட்சியாக யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிற அரசியல் சட்டத்தின் 20(3)ஆம் பிரிவு ஆதாரம். மனசில் இருப்பது அவனுடையது. நல்ல தீர்ப்பு. ஆனால் 1961-லேயே பதினோரு நீதிபதிகள், கைரேகையும் கையெழுத்தும் சாட்சியம் ஆகாது, அவை உடம்பைச் சேர்ந்தவை, வாங்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். 2019-இல் குரல் மாதிரியையும் மாஜிஸ்திரேட் உத்தரவிட்டு வாங்கலாம் என்றாகிவிட்டது.

குரல் உடம்பு, அறிவு மனசு. அப்படியானால் உச்சரிப்பு எது? சொல்லின் முதலில் அதிராத உதடு கைரேகையைப் போன்றதா, வாக்குமூலத்தைப் போன்றதா? குமிழை அழுத்திய லூரியாவின் கைதிகளின் கை எந்தப் பிரிவில் வரும்? சட்டம் இந்த இடத்தில் கோடு போட்டுவிட்டு நகர்ந்துவிட்டது. கோடு என் மணிக்கட்டு வழியாகப் போகிறது.

அந்த எஸ்டேட்காரர் அடுத்த மாதமும் வந்தார். இந்தியில்தான் ஆரம்பித்தார். நான் படிவத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, 'இந்தி தெரியாதுங்க' என்றேன். 'தெரியும் சார்' என்றார். எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பின்னால் வரிசை நின்றது.